நிழலில் காய வேண்டிய மண்: ஒரு மொராவியக் கிராமத்தில் நான்கு நாள்

செப்டம்பர் 25, வியாழன்: மேல ஊரில் இறங்கினோம்

ஊர்ப் பெயரின் முதல் சொல்லை நான் சரியாகச் சொல்லாததால் இன்று அம்மாவை மழையில் நடக்கவைத்துவிட்டேன்.

செக் குடியரசின் மொராவியா பகுதியில், தெற்கு ஓரத்தில், ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில், வியெஸ்தோனிட்ஸெ என்ற பெயரில் இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. ஒன்று ஹோர்னி வியெஸ்தோனிட்ஸெ, இன்னொன்று டோல்னி வியெஸ்தோனிட்ஸெ. ஹோர்னி என்றால் மேல, டோல்னி என்றால் கீழ. நம் பக்கத்து மேலப்பட்டி, கீழப்பட்டி மாதிரிதான். நான் பஸ் ஓட்டுநரிடம் வெறுமனே வியெஸ்தோனிட்ஸெ என்று சொல்லி டிக்கெட் வாங்கியிருந்தேன். பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவசரமாக இறங்கிவிட்டோம். பஸ் போன பிறகுதான் முன்னால் இருந்த சொல்லைப் படித்தேன். நாங்கள் போக வேண்டியது கீழ ஊர். இடையில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

நான் வசிக்கும் பிர்னோ நகரத்துக்கு அம்மா வந்து ஆறு வாரம் ஆகிறது. பிராகின் பாலத்தையும் கோபுரங்களையும் பார்த்தாயிற்று. "கூட்டமில்லாத ஒரு கிராமம் காட்டுடா. இவங்க வீட்டுல எப்படி இருக்காங்கன்னு பார்க்கணும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒரு கறுப்புப் பொம்மை. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

நடக்கத் தொடங்கியபோது தூறல்தான். வலது கைப்பக்கம் பாலவா மலை, சுண்ணாம்புப் பாறை துருத்திக்கொண்டு செங்குத்தாக நிற்கிறது. மலை என்று சொன்னாலும் உச்சியான டியெவீன் 550 மீட்டரை ஒட்டித்தான் வரும். ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் உயரமாகத் தெரிகிறது. இடது பக்கம் கீழே ஏரி. நடுவில் இருக்கும் சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். அறுவடை நடந்துகொண்டிருந்தது. கொடிகளுக்கு நடுவே மழைக்கோட்டு போட்ட ஆட்கள் குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள்.

தார்ச்சாலையில் வண்டிகள் வேகமாக வந்ததால் தோட்டத்து வண்டித்தடத்தில் இறங்கினோம். அது தப்பான யோசனை. இந்த மண் காய்ந்திருக்கும்போது கோதுமை மாவு போல மெத்தென்று இருக்கிறது, நனைந்தால் காலைப் பிடித்துக்கொள்கிறது. பத்து அடிக்குள் செருப்பின் கீழே இரண்டு விரற்கடை உயரத்துக்கு இன்னொரு செருப்பு சேர்ந்துவிட்டது. அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து குச்சியால் சுரண்டினாள். சுரண்டியதைக் கையில் எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தாள். "ஒரு கல்லு இல்லடா இதுல. சலிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

அப்போது பின்னால் திராட்சை ஏற்றிய ட்ரெய்லரோடு ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டியவருக்கு எழுபது வயது இருக்கும். "தோப்ரி தென்" என்றார். நாங்களும் வணக்கம் சொன்னோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி வந்து அம்மாவின் பெட்டியைத் தூக்கித் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஊர் இருக்கும் திசையைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "பெட்டியக் குடுத்துட்டியே, பேரு கூடக் கேக்கலையே" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஊர் முகப்பில் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சின் மேல் பெட்டி இருந்தது. மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, காற்றில் பறக்காதபடி மேலே ஒரு திராட்சைக் குலையைப் பாரமாக வைத்திருந்தார்.

தங்கிய வீட்டில் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அம்மாவுக்கு இந்த நாட்டில் மிகப் பிடித்த பழக்கம் அது. உள்ளே போட்டுக்கொள்ள ஆளுக்கொரு ஜோடிக் கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். அறைக்கு ஒரு நாளைக்கு 1,500 கொரூனா, காலை உணவு சேர்த்து. ஒரு கொரூனா ஏறக்குறைய நான்கு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு பூண்டு சூப் கிடைத்தது, 75 கொரூனா. பன்றி இறைச்சி போடாமல் கேட்டு வாங்கினேன். உருளைக்கிழங்கு, மர்ஜோரம் என்ற வாசனை இலை, மேலே வறுத்த ரொட்டித் துண்டு. நனைந்து வந்த உடம்புக்குப் பூண்டு ரசம் குடித்த மாதிரி இருந்தது. அம்மா இரண்டாவது கிண்ணமும் கேட்டாள்.

செப்டம்பர் 26, வெள்ளி: கறுப்புப் பொம்மை

ஏறக்குறைய முந்நூறு பேர் வாழும் ஊர் இது. ஒரு தேவாலயம், ஒரு கடை, சில ஒயின் நிலவறைகள், சாலையோரம் வரிசையாக வீடுகள். காலையில் முழு ஊரையும் நடந்து முடிக்க அரை மணி நேரம் ஆகவில்லை. ஆனால் தொல்லியல் படித்தவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் இந்த ஊர்ப் பெயரைத் தெரிந்து வைத்திருப்பார்கள்.

1924-ல் கரெல் அப்சொலோன் என்ற ஆய்வாளர் தலைமையில் இந்தச் சரிவில் தோண்டத் தொடங்கினார்கள். மறு வருஷம், 1925 ஜூலை 13 அன்று, பழங்கால அடுப்பின் சாம்பலுக்குள்ளிருந்து இரண்டு துண்டாக உடைந்த ஒரு பெண் உருவம் கிடைத்தது. இந்த ஜூலையோடு நூறு வருஷம் ஆகிவிட்டது. உயரம் 11.1 சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கும். தொங்கும் மார்பு, அகன்ற இடுப்பு, முகத்தில் கண்ணுக்கென்று சாய்வாக இரண்டு கீறல், உச்சந்தலையில் நான்கு குழி. வாய் இல்லை. மூக்கு இல்லை. சுட்டதில் கறுத்துப்போன களிமண். வயது 25,000 ஆண்டுகளுக்கு மேல், 30,000-க்குப் பக்கம் என்கிறார்கள். உலகத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய சுட்ட மண் உருவங்களில் இது ஒன்று. மனிதன் பானை செய்யக் கற்றுக்கொள்வதற்குப் பல ஆயிரம் ஆண்டு முன்னால், மண்ணைச் சுட்டால் கல்லாகும் என்று இந்தச் சரிவில் உட்கார்ந்திருந்த மனிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஊர் அருங்காட்சியகத்தில் இருப்பது நகல். அசல் பிர்னோவில், மொராவிய அருங்காட்சியகத்தின் பெட்டகத்தில் இருக்கிறது. அபூர்வமாகத்தான் வெளியே எடுப்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய இடத்தில் பூட்டிக் கிடக்கும் ஒன்றின் நகலைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஆனாலும் அது கிடைத்த இடத்தில் வைத்துப் பார்ப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பொம்மையைப் பற்றி நான் முதன்முதலில் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் வயது அல்ல. அதன் முதுகுப் பக்கம் ஒரு விரல் ரேகை இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது தொட்ட விரல், அப்படியே சுட்டு நிலைத்துவிட்டது. ரேகையின் அளவைப் பார்த்து, தொட்டது ஏழிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருந்த ஒரு பிள்ளை என்று கணித்திருக்கிறார்கள். பொம்மையைச் செய்தது அந்தப் பிள்ளைதான் என்று யாரும் சொல்லவில்லை. காயும் முன்னால் ஒரு பிள்ளை எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்த் தேடினாள். நகலில் தெரியவில்லை. "பிடிகொழுக்கட்டை மாதிரி" என்றாள் திடீரென்று. "ஆவியில வெச்சு எடுத்தாலும் விரல் அப்படியே இருக்கும்ல? யாரு பிடிச்சதுன்னு தட்டப் பார்த்தாலே தெரியும். உங்க சித்தி பிடிச்சது குட்டையா இருக்கும், நான் பிடிச்சது நீளமா இருக்கும்." நான் எத்தனையோ கட்டுரைகளில் படித்தது ஒரு வரியில் முடிந்துவிட்டது.

இங்கே பொம்மை ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. சுட்ட மண் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கரடித் தலை, சிங்கத் தலை, மாமத யானை (பனியுகத்தில் வாழ்ந்து அழிந்துபோன ரோமம் அடர்ந்த யானை), காண்டாமிருகம். அதிகமும் உடைந்தவை. ஈர மண்ணை வேண்டுமென்றே கடும் சூட்டில் போட்டு வெடிக்கவைத்திருப்பார்களோ என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அம்மாவின் பிறந்த வீட்டில் மண் அடுப்பு தானே போட்டுக்கொள்வார்கள். அவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "ஈரத்தோட நெருப்புல வெச்சா வெடிக்கத்தான் செய்யும். நிழல்ல காயணும், அப்புறம்தான் அடுப்பு. அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வேணும்னே போட்டிருந்தா பிள்ளைங்களுக்கு வேடிக்கை காட்டியிருப்பாங்க." மண் துண்டுகளில் சிலவற்றில் முறுக்கிய நாரும் பின்னிய துணியும் அழுந்திய தடம் இருக்கிறது. தோலைப் போர்த்திக்கொண்டு திரிந்த ஆட்கள் என்று நாம் நினைக்கிற காலத்தில், செடி நாரில் நூல் முறுக்கிப் பின்னவும் கற்றிருக்கிறார்கள்.

மத்தியானம் பொரித்த பாலாடைக் கட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இந்த நாடு முழுக்க இதுதான் கதி. 195 கொரூனா. பக்கத்து மேஜைக்காரர் சாப்பிட்டு எழுந்து போகும்போது எங்களைப் பார்த்து "தோப்ரோவ் ஹுத்" என்றார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று பொருள். முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்வார்கள். அம்மா பதிலுக்குக் கைகூப்பினாள்.

மழை விட்டிருந்ததால் பழைய செங்கல் சூளைப் பக்கம் போனோம். அங்கே மண் சுவர் ஒன்று வெட்டியபடி நிற்கிறது. காலங்களின் நாட்காட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே அம்மா நேற்று விரலில் தேய்த்துப் பார்த்த மண்ணின் கதை எழுதியிருக்கிறது. பனியுகத்தில் வடக்கே பனிப்பாளம் கிடந்தபோது, அதன் ஓரத்து வறண்ட தரையிலிருந்து காற்று தூசியைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த மலையடியில் கொட்டியது. லோயஸ் என்பார்கள். காற்றே சலித்துக் கொண்டுவந்ததால்தான் அதில் ஒரு கல் இல்லை. மஞ்சள் பட்டை குளிர்ந்து வறண்ட காலம். நடுநடுவே வரும் கரும்பழுப்புப் பட்டை கொஞ்சம் சூடேறிப் புல்லும் மரமும் வளர்ந்த காலம். ஒரு லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது, ஆனால் சுவர் சரியாமல் நிமிர்ந்து நிற்கிறது. இப்படிப்பட்ட மண் என்பதால்தான் எலும்பெல்லாம் கெடாமல் கிடைத்தது. ஒயின் நிலவறைகளைக் குடைவதும் இதில்தான்.

மனிதர்கள் ஏன் இங்கே வந்து உட்கார்ந்தார்கள் என்பதும் நின்று பார்த்தால் புரிகிறது. முதுகுக்கு மலை, எதிரே ஆற்றுப் பள்ளத்தாக்கு. தெற்கே டான்யூப் நதிக்கும் வடக்கே போலந்துச் சமவெளிக்கும் நடுவில் விலங்குக் கூட்டம் போகவர இயற்கையே விட்ட பாதை மொராவியா. மேலே உட்கார்ந்தால் மாமத யானைகள் வருவது தூரத்திலேயே தெரிந்திருக்கும்.

இரவில் எழுதும்போது இரண்டு கல்லறைகள் மனசை விட்டுப் போகவில்லை. 1949-ல் கிடைத்தது ஒரு பெண்ணுடையது. நடுவயதைத் தாண்டியவள். மாமதத்தின் தோள்பட்டை எலும்புகள் இரண்டை மூடியாகப் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். அவள் முக எலும்பு ஒரு பக்கம் கோணியிருந்தது. அதே இடத்திலிருந்து தந்தத்தில் செதுக்கிய சின்ன முகம் ஒன்றும் கிடைத்திருக்கிறது. அதிலும் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. அவள்தான் இவள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் யாரோ ஒருவர் ஒரு கோணல் வாயை அழகாக்காமல், இருந்தபடியே செதுக்கியிருக்கிறார்.

இன்னொன்று 1986-ல் கிடைத்தது. இளவயதுக்காரர்கள் மூன்று பேரை ஒரே குழியில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலையில் செங்காவி தூவியிருக்கிறார்கள். நடுவில் இருப்பது பெண்ணா ஆணா என்று முப்பது வருஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். 2016-ல் மரபணுவைப் பார்த்ததில் மூன்று பேருமே ஆண்கள். அந்த இடத்தைத் தோண்ட நேர்ந்ததே ஏரிக்கரை எழுப்ப லோயஸ் மண் வெட்டியதால்தான்.

செப்டம்பர் 27, சனி: ஏரியும் நிலவறையும்

காலையில் பக்கத்து ஊரான பாவ்லோவ். அங்கே 2016-ல் திறந்த அகழ்வாய்வுப் பூங்கா, வெளியிலிருந்து பார்த்தால் புல்மேட்டில் சில வெள்ளைக் கான்கிரீட் கோபுரங்கள் மட்டும் தெரியும். கட்டடம் பூமிக்குள் இருக்கிறது. மாமத எலும்புக் குவியல் ஒன்றைக் கிடந்த இடத்திலேயே, எடுக்காமல், அப்படியே விட்டு மேலே கட்டியிருக்கிறார்கள். அந்தக் குவியலுக்கு முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றாள். இங்கே கிடைத்தவற்றில் எத்தனையோ பொருட்கள் இன்று இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக, பக்கத்தில் இருக்கும் மிகுலோவ் ஊர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள். 1945 ஏப்ரலில், சண்டை முடியப்போகிற நேரத்தில், கோட்டை எரிந்து அவையும் போய்விட்டன. முப்பதாயிரம் வருஷம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தவை வெளியே எடுத்து இருபது வருஷம் தாங்கவில்லை.

பாவ்லோவிலிருந்து டியெவிச்கி கோட்டைக்கு ஏறும் பாதையில் அம்மா பாதி வழியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் மேலே போனேன். 1645-ல் ஸ்வீடன் படை தீ வைத்த பிறகு எழாத கோட்டை, நான்கு சுவரும் வானமும்தான். பலத்த காற்று, கண்ணில் நீர் வந்தது. அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுசாகத் தெரிகிறது.

ஏரி என்று சொல்கிறேனே தவிர, அது தியே ஆற்றில் கட்டிய மூன்று நீர்த்தேக்கங்கள். பெயர் நோவே மிலீனி. 1975-லிருந்து 1989 வரை கட்டினார்கள். மொத்தம் 32 சதுர கிலோமீட்டர். வெள்ளத்தைத் தடுக்கவும் பாசனத்துக்கும் என்று கட்டியது. அதற்கு முன் அங்கே ஆற்றங்கரைக் காடும் புல்வெளியும் இருந்தன. ஒவ்வொரு வசந்தத்திலும் வெள்ளம் வந்து வடியும் ஓக் மரக்காடு. எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத் தண்ணீரை விட்டார்கள். முஷோவ் என்ற ஒரு முழு கிராமமும் போயிற்று. வீடுகளை இடித்துத் தள்ளினார்கள், மக்கள் வேறு ஊர்களுக்குக் குடிபோனார்கள். புனித லியோனார்டின் தேவாலயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். நடு ஏரியில் ஒரு திட்டில் அது தனியாக நிற்கிறது. மேலேயிருந்து பார்க்க ஒரு தீப்பெட்டி அளவு.

அதே முஷோவுக்குப் பக்கத்தில், பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில், ரோமானியப் படை ஒரு மேட்டில் முகாம் போட்டிருந்தது. டான்யூபுக்கு இவ்வளவு வடக்கே அவர்கள் வந்து தங்கிய இடங்கள் அதிகமில்லை. பத்தாம் படைப்பிரிவின் முத்திரை பதித்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவர்களும் சில வருஷத்தில் போய்விட்டார்கள்.

இறங்கி வரும் வழியில் ஒரு வீட்டு வாசலில் புர்ச்சாக் விற்றார்கள். திராட்சைச் சாறு புளித்து ஒயினாகும் வழியில் பாதியில் எடுப்பது. பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டே, அப்படி. கலங்கலாக, இனிப்பாக, நாக்கில் சுறுசுறுவென்று இருக்கும். ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 30 வரை மட்டும்தான் விற்கலாம் என்று சட்டமே இருக்கிறது. லிட்டர் 90 கொரூனா. விற்ற பெண் பாட்டில் மூடியைக் காட்டி என்னவோ இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, சிந்தக் கூடாதே என்று நன்றாக இறுக்கி மூடிப் பைக்குள் வைத்தேன்.

சாயங்காலம் அறையில் டமார் என்று ஒரு சத்தம். பாட்டில் பைக்குள் வெடித்துவிட்டது. புளித்துக்கொண்டே இருக்கும் சாறு, வாயு போக வழி வேண்டும், மூடியைத் தளர்வாக விட வேண்டும். அந்தப் பெண் சொன்னது அதுதான். அம்மாவின் சால்வை, என் நோட்டு, தரை விரிப்பு எல்லாம் பிசுபிசு. வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். சால்வையை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு, "வாங்க, நிலவறை காட்டுகிறேன்" என்று கூப்பிட்டார். அவர் மகள் எனக்கு மொழிபெயர்த்தார்.

வீட்டுக்குப் பின்னால், மலைச் சரிவுக்குள், வளைவான கல் வாசல். வாசல் உச்சிக் கல்லில் 1843 என்ற எண்ணும் இரண்டு எழுத்தும் செதுக்கியிருந்தது. உங்கள் முன்னோரா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த எழுத்துக்கு உரியவர்கள் ஜெர்மன் மொழி பேசியவர்கள். 1945 வரை இந்த ஊரில் ஏறக்குறைய எல்லோருமே ஜெர்மன் பேசியவர்கள்தான். ஊருக்கு உண்டர்விஸ்டர்னிட்ஸ் என்று பெயர். 1938-ல் ம்யூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹிட்லரின் ஜெர்மனி இந்த எல்லைப் பகுதியை எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் 1945, 46-ல் செக்கோஸ்லோவாக்கியா ஜெர்மன்காரர்களை வெளியேற்றியது. காலியான வீடுகளுக்குச் செக் குடும்பங்கள் வந்தன. வீட்டுக்காரம்மாவின் தாத்தாவும் பாட்டியும் 1946-ல் இரண்டு ஆடோடு இந்த வீட்டுக்கு வந்தவர்கள்.

"வந்தபோது நிலவறையில் பூஞ்சை. பீப்பாய் எல்லாம் கெட்டுப்போச்சு. என்ன செய்தும் ஈரம் போகலை. தாத்தா சாகும்வரை அதே கதைதான்" என்றார். 1990 கோடையில், கம்யூனிஸ்ட் ஆட்சி போய் எல்லை திறந்த பிறகு, ஆஸ்திரியாவிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்து வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே வரவில்லை. நான் இங்கே பிறந்தவன், நிலவறையை மட்டும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரம்மாவின் தாய்க்குப் பயம், வீட்டைத் திரும்பக் கேட்க வந்துவிட்டாரோ என்று. ஆனாலும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் கடைசிச் சுவருக்குப் போய், பீப்பாய்க்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, ஒரு இடத்தில் தட்டிக் காட்டியிருக்கிறார். சுவர் அங்கே வேறு சத்தம் கொடுத்தது. உள்ளே காற்றுக்குழாய். மேலே திராட்சைத் தோட்டம் வரைக்கும் போகும் துவாரம். போர்க்கடைசியில் அவர் அப்பா குண்டுக்குப் பயந்து செங்கல் வைத்து அடைத்திருந்தாராம்.

வீட்டுக்காரம்மா விளக்கைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கை அகலத் துவாரம். கையை வைத்துப் பார்த்தேன், மெல்லிய குளிர்ந்த காற்று வந்தது. அந்த விளிம்பில் பழைய செங்கல்லின் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. அது ஈரத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் வேண்டியது. சாறு புளிக்கும் இந்த மாதங்களில் கரியமில வாயு உண்டாகும். காற்றை விடக் கனமானது என்பதால் நிலவறைத் தரையில் தேங்கி நிற்கும். தெரியாமல் இறங்கி மயங்கி விழுந்து செத்தவர்கள் மொராவியாவில் உண்டு. அதனால் இன்றைக்கும் எரிகிற மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்தபடி இறங்குவார்கள். சுடர் மங்கினால் திரும்பிவிட வேண்டும். நாங்கள் இறங்கியபோதும் மகள் முன்னால் மெழுகுவர்த்தியோடு போனார்.

அந்த ஆள் அப்புறம் வந்தாரா என்று அம்மா கேட்டாள். ஒவ்வொரு வருஷமும் வந்தாராம், இறக்கும்வரை. வரும்போதெல்லாம் பாலவா ஒயின் ஆறு பாட்டில் காசு கொடுத்து வாங்கிப் போவாராம். இலவசமாகக் கொடுத்தால் வாங்க மாட்டாராம். பாலவா என்பது இந்த மலையின் பெயரை வைத்த திராட்சை. 1953-ல் கலப்புச் செய்து, 1977-ல் பதிவு செய்தது. அவர் சிறுவனாக இருந்தபோது அப்படி ஒரு திராட்சையே இல்லை. எனக்கு ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். ரோஜா வாசனை. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு: கொழுக்கட்டையும் முஷோவும்

இன்று புனித வாட்ஸ்லாவ் நாள். பத்தாம் நூற்றாண்டில் சொந்தத் தம்பியின் ஆட்களால் கொல்லப்பட்ட ஆட்சியாளர். செக் நாட்டின் தேசிய விடுமுறை. பெரிய கடைகள் திறக்கக் கூடாது என்று சட்டம். சால்வை காயவில்லை. வெயில் வந்திருந்தாலும் ஒன்பது டிகிரிதான்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வீட்டுக்காரம்மா அம்மாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். இது பிளம் பழக் காலம். தயிர்க்கட்டி போன்ற த்வரோக் என்ற ஒன்றையும் மாவையும் முட்டையையும் பிசைந்து, முழு பிளம் பழத்தை உள்ளே வைத்து உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்கள். மேலே அரைத்த கசகசா, சர்க்கரை, உருக்கிய வெண்ணெய். பூரணக் கொழுக்கட்டைதான், பூரணத்துக்குப் பதில் பழம். அம்மா வழக்கமாக முட்டை தொட மாட்டாள். இன்று ஒன்றும் சொல்லவில்லை.

இருவருக்கும் பொது மொழி கிடையாது. வீட்டுக்காரம்மா மாவை மூடி, உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி, எங்கே மூடினார் என்றே தெரியாதபடி வழவழப்பாக்கினார். அம்மா தன் வழக்கப்படி வாயைக் குவித்துக் கிள்ளி மூடினாள். "இப்படி விட்டால் வெந்நீரில் வாய் திறந்துவிடும்" என்று சைகையில் சொல்லி அவர் உருட்டிக் காட்டினார். அம்மா தலையாட்டினாள், ஆனால் கடைசியில் இரண்டை மட்டும் கிள்ளியே போட்டாள். ஒன்று திறந்துகொண்டது. மற்றொன்று நின்றது. அதைத் தட்டில் தனியாக எடுத்து வைத்து, அதன் மேல் நான்கு விரலும் பதிந்திருந்ததைப் பார்த்து, வீட்டுக்காரம்மா மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் அதைத் தானே சாப்பிட்டார்.

கிளம்பும்போது அறைக்கணக்கோடு விரிப்பைச் சலவை செய்ய என்று 300 கொரூனா சேர்த்து வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு 300-ஐத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி நீட்டினேன். முகம் கொஞ்சம் கறுத்தது. அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

பிர்னோ போகும் சாலை இரண்டு நீர்த்தேக்கங்களுக்கு நடுவில் கரைமேல் போகிறது. முஷோவ் தேவாலயம் ஜன்னல் பக்கம் வந்தது. நேற்று மேலேயிருந்து தீப்பெட்டியாகத் தெரிந்தது, இப்போது நல்ல உயரமாக, ஓடு வேய்ந்த கூரையோடு நின்றது. சுற்றிலும் நீர்க்காகங்கள். லியோனார்ட் கைதிகளுக்கும் கால்நடைகளுக்கும் காவலான புனிதர் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஊரே இல்லாம சாமி மட்டும் நிக்குது" என்றாள். அது மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அக்டோபர் 2, வியாழன்: பிர்னோ

இந்தக் குறிப்புகளைப் பதிவேற்றும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பிர்னோ திரும்பிய இரவே அம்மா இரண்டு பேரின் செருப்பிலிருந்தும் மண்ணைச் சுரண்டி ஒரு கிண்ணத்தில் சேர்த்தாள். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கையால் ஒரே பிடி பிடித்து, சமையலறை ஜன்னலில் வைத்தாள். ஹீட்டருக்கு மேலே வைத்தால் சீக்கிரம் காயுமே என்றேன். கையைத் தட்டிவிட்டாள்.

ஐந்து நாளாக அது அங்கேயே இருக்கிறது. மேலே வெளுத்து, நான்கு விரல் தடமும் ஓரமாகக் கட்டை விரல் தடமும் தெளிவாகத் தெரிகின்றன. எங்கும் விரிசல் விடவில்லை. இன்று காலை அம்மா திருப்பிப் பார்த்தாள். அடியில் இன்னும் ஈரம்.